கேரரா 3.2-ஆ, இ30 எம்3-ஆ? வாங்குமுன் எங்கே குனிந்து பார்ப்பது

எண்பதுகளில் ஜெர்மனியில் உருவான இரண்டு கார்களுக்கு இன்று ஏறத்தாழ ஒரே விலைவட்டத்தில் பேரம் நடக்கிறது. ஒன்று ஸ்டுட்கார்ட்டின் போர்ஷே 911 கேரரா 3.2. மற்றது மியூனிக்கின் பிஎம்டபிள்யூ எம்3, இ30 பாடி (அன்றைய 3 சீரிஸ் காருக்கு நிறுவனம் வைத்த உள்பெயர் இ30). புதிதாக விற்ற காலத்தில் எம்3-இன் விலை போர்ஷேயைவிடக் குறைவு. இப்போது அந்த இடைவெளி போய்விட்டது. அதனால் கையில் பணம் வைத்திருக்கும் சேகரிப்பாளர் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே மெக்கானிக்கிடம் காட்டி வாங்கப் பார்க்கிறார். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. போர்ஷேயில் செலவு தகரத்துக்குள்ளும் எஞ்சினின் மேல்பகுதியிலும் ஒளிந்திருக்கும், ஆனால் எந்த உதிரிபாகமும் கிடைக்கும். எம்3-இல் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய ஆள் உண்டு. தொலைந்துபோன அசல் பாகங்களைத் திரும்பக் கொண்டுவரத்தான் வழி குறைவு.

கேரரா 3.2 வந்தது 1984 மாடல் ஆண்டில், போனது 1989-இல். அந்த ஆறு ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேல் தயாரானது, ஆகவே இது அபூர்வமான கார் அல்ல. 3,164 சிசி, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத ஐரோப்பிய மாடலுக்கு 231 குதிரைத்திறன், கன்வெர்ட்டருடன் 217. இந்தக் கார் பிறந்ததே ஒரு தலைமை மாற்றத்தால்தான். எழுபதுகளின் இறுதியில் 911-ஐ நிறுத்திவிட்டு இன்னொரு மாடலான 928-ஐ முன்னிறுத்தும் எண்ணம் நிறுவனத்துக்குள் இருந்தது. 1981-இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ் அதை மாற்றினார்.

எம்3-இன் கதை வேறு. பந்தயத்துக்கென்று யோசித்து, சட்டத்துக்காகச் சாலைக்கு விட்ட கார் அது. விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட குரூப் ஏ பந்தயப் பிரிவில் ஓடவேண்டுமானால் பன்னிரண்டு மாதத்துக்குள் 5,000 கார்களைத் தயாரிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 1985-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1986-இல் உற்பத்தி தொடங்கியது. நான்கு சிலிண்டர் எஸ்14 எஞ்சினை பிஎம்டபிள்யூவின் எஞ்சின் வல்லுநர் பால் ரோஷேயின் குழு மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கியது. பிளாக் நிறுவனத்தின் பழைய எம்10 எஞ்சினுடையது. அதே பிளாக்கின் வழிவந்த டர்போ எஞ்சினோடுதான் 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்றார். சிலிண்டர் ஹெட் எம்88 ஆறு சிலிண்டர் எஞ்சினுடையதை நான்காகக் குறைத்தது. 2,302 சிசிக்கு 200 குதிரைத்திறன், கன்வெர்ட்டருடன் 195, 1989 முதல் 215. கன்வர்டிபிளையும் சேர்த்து 1991 வரை வந்தவை பதினெட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

<b>போர்ஷே: பெயின்டுக்கு அடியில்</b>

1976 மாடலிலிருந்தே 911-இன் பாடித் தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. "கால்வனைஸ்டு பாடி, துருவே பிடிக்காது" என்று விற்பவர் சொல்வதில் பாதிதான் உண்மை. விபத்துக்குப் பிறகு வெட்டி வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். தண்ணீரும் சாலை உப்பும் தேங்கும் மூலைகளில் அத்தனை ஆண்டுகளில் பூச்சே கரைந்திருக்கும். ஜெர்மானியக் குளிர்காலத்தில் ஓடிய கார் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

முதலில் கதவைத் திறந்து, பூட்டு மாட்டும் தூணின் அடிப்பகுதியைப் பாருங்கள். கதவுப் படியும் பின் மட்கார்டும் உட்பக்கத் தகரமும் சேரும் இடம் அது. பின் சக்கரம் வாரியடிக்கும் ஈர மண் அதற்குப் பின்னால்தான் வருடக்கணக்கில் சேர்கிறது. அங்கே பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே ஓட்டை விழுந்து வெகுநாளாகிவிட்டது என்று அர்த்தம். சரியாகச் சரிசெய்ய பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுக்க வேண்டும். வெளியே மட்டும் பட்டி போட்டுத் தேய்த்துவிட்டால் இரண்டு குளிர்காலம் தாங்கும்; அதற்குள் கார் கைமாறிவிடும். பிறகு ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பெட்ரோல் மூடியின் சுற்றுவட்டம், ஜாக் போடும் இடங்கள். முன் டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, பேட்டரி இருக்கும் மூலையையும் டாங்குக்குக் கீழே உள்ள தகரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பிகள் உள்ள குழாயின் முனைகள் லிஃப்டில் தூக்கினால்தான் தெரியும். தூக்க மாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி சல்லிசான விலைக்கே கிடைக்கிறது. ஃபேக்டரி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 1,000-ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது.

எஞ்சினுக்கு வருவோம். இதில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். மொத்தக் கொள்ளளவு சுமார் 13 லிட்டர். மாற்றும்போது 10 லிட்டர் அளவில்தான் வடியும், மீதி கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆயில் அளவைச் சூடான எஞ்சினை ஐட்லில் ஓடவிட்டு, சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த எஞ்சினில் அளவுகோல் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி 2 லிட்டர் ஊற்றுகிறவர்கள் ஏராளம். மிகுதி ஆயில் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் போய், நீலப் புகை கக்கும். வாங்க வந்தவர் எஞ்சின் போய்விட்டது என்று திரும்பிப் போவார். இதனாலேயே சில நல்ல கார்கள் மலிவாகக் கிடைத்ததும் உண்டு.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கணம் புகை வந்தால் பதற வேண்டாம். சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருப்பதால் இரவில் கொஞ்சம் ஆயில் உள்ளே கசிவது சகஜம். ஆனால் மேட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மறுபடி மிதிக்கையில் பின்னால் நீலப் புகை தெரிந்தால் வால்வ் கைடு, அதாவது வால்வின் தண்டு ஓடும் குழல், தேய்ந்திருக்கிறது. இந்த எஞ்சினின் பெயர்பெற்ற பலவீனம் இது. 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டருக்கு மேல் ஆயில் குடித்தால் ஹெட்டைக் கழற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட மரைக்கம்பியான ஸ்டட். சிலிண்டருக்கு நான்கு வீதம் 24. கீழ் வரிசையில் உள்ளவை டிலவார் என்ற சிறப்பு உலோகக் கலவை. அலுமினியம் சூட்டில் விரியும் அளவுக்கு ஸ்டட்டும் விரியட்டும் என்று போட்டார்கள். யோசனை சரி, ஆனால் ஈரத்தால் அதில் அரிப்பு ஏற்பட்டு, சிறு கீறல் விழுந்து, ஒருநாள் சத்தமில்லாமல் ஒடிந்துவிடும். கார் அப்போதும் ஓடும். கீழ் வால்வ் கவர்களைக் கழற்றினால் ஒடிந்த ஸ்டட்டின் நட்டு தளர்ந்து ஆடுவது தெரிந்துவிடும். கவர் கேஸ்கெட்டைத் தவிர வேறு செலவில்லை. வாங்குமுன் செய்யும் சோதனைகளில் இவ்வளவு லாபம் தருவது வேறு கிடையாது. ஒன்று ஒடிந்திருந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை இறக்கிப் பிரித்தாக வேண்டும், ஐந்து இலக்க யூரோ ஆகும்.

கம்ப்ரஷன் சோதனையைவிட, சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்டவுன் சோதனை அதிகம் சொல்லும். சூடான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கசிவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து சிலிண்டர் 4 காட்டி ஒன்று மட்டும் 15 காட்டினால், காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுங்கள். சைலன்சர் வழியாக என்றால் எக்ஸாஸ்ட் வால்வ்; ஆயில் ஊற்றும் வாய் வழியாக என்றால் பிஸ்டன் ரிங். வால்வ் இடைவெளி 0.10 மில்லிமீட்டர், இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் 12 வால்வுகளுக்கும் பார்க்க வேண்டியது. சர்வீஸ் பில்களில் இந்த வேலை அடிக்கடி தென்பட்டால் பழைய ஓனர் ஒழுங்கானவர். முந்தைய 911-களைப் பயமுறுத்திய செயின் டென்ஷனர் (எஞ்சின் செயினை இறுக்கி வைக்கும் பாகம்) பிரச்சினையை மட்டும் இதில் மறந்துவிடலாம்; 3.2-இல் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் ஃபேக்டரியிலேயே வந்துவிட்டது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சட்டென்று அணைந்து, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதா? டிரைவர் சீட்டுக்கு அடியில், எஞ்சின் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு ரிலே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் அதுதான் கரன்ட் கொடுக்கிறது. உள்ளே சால்டர் விரிசல் விடுவதால் வரும் கோளாறு இது. விவரம் தெரிந்த ஓனர் கிளவ் பாக்ஸில் ஒரு புது ரிலேயைப் போட்டு வைத்திருப்பார். ரிலே மாற்றியும் தீரவில்லையென்றால் ஃப்ளைவீல் சென்சார்கள் இரண்டையும் மாற்றுங்கள். இன்னொன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: எஞ்சின் அறையில் உள்ள பெட்ரோல் ஹோஸ்கள். பழைய ரப்பர் இறுகி, வெடித்து, சூடான எஞ்சின் மீது பெட்ரோல் கசிந்தால் கார் மொத்தமாக எரியும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

கியர்பாக்ஸ்தான் விலையைப் பிரிக்கும் கோடு. 1986 வரை 915, 1987 முதல் ஜி50. ரிவர்ஸ் கியர் வலதுபக்கம் கீழே இருந்தால் 915. இடதுபக்கம் மேலே இருந்தால் ஜி50. கிளட்சும் கேபிளிலிருந்து ஹைட்ராலிக்குக்கு மாறியது. 915-ஐக் குறை சொல்லும் வழக்கம் சற்று மிகை. சரியாக அட்ஜஸ்ட் செய்த 915 அவசரப்படுத்தாமல் போட்டால் இனிமையாகவே விழும். சூடான பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்துப் பாருங்கள்; நறநறவென்று அரைத்தால் இரண்டாம் கியரின் சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) முடிந்தது. ஜி50 வேண்டுமென்றால் அதோடு பிறந்த காரையே வாங்குங்கள். பழைய பாடிக்குள் அதைத் திணிக்கப் பின்பக்கக் குழாயையே வெட்டி மாற்ற வேண்டிவரும். சேகரிப்பு மதிப்பு அத்தோடு போயிற்று.

<b>எம்3: காந்தமும் காகிதமும்</b>

எம்3-ஐப் பொறுத்தவரை முதல் கேள்வியே இது எம்3-தானா என்பது. சாதாரண இ30-களில் எம்3 பாகங்களை மாட்டிப் போலி செய்வது பல பத்தாண்டுப் பழக்கம். சேசிஸ் எண் டபிள்யூபிஎஸ் என்று தொடங்க வேண்டும். அது பிஎம்டபிள்யூவின் மோட்டார்ஸ்போர்ட் பிரிவுக்கு உரியது. சாதாரண இ30 என்றால் டபிள்யூபிஏ. எண் அடித்த தகரத்தைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஒரு சின்னக் காந்தம். எம்3-இன் டிக்கி மூடி பிளாஸ்டிக் கலவை, காந்தம் ஒட்டாது. புடைத்த சக்கர வளைவுகளோ இரும்புத் தகரம், ஒட்டியே ஆக வேண்டும். போலிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். சக்கரத்துக்கு ஐந்து போல்ட். சாதாரண இ30-க்கு நான்கு. பின் கண்ணாடியின் சாய்வும் அதைத் தாங்கும் தூணும்கூட வேறு, காற்றை டிக்கி ஸ்பாய்லருக்குச் சரியாகக் கொண்டுசேர்க்க மாற்றியது. வெளித்தகரத்தில் போனட்டைத் தவிர மற்ற இ30-களோடு பொதுவானது அதிகமில்லை. ரசிகர்களுக்கு அது பெருமை. பாடி கடைக்குப் போகும் ஓனருக்கோ தலைவலி, ஏனென்றால் எம்3-க்கே உரிய பாகங்கள் கேட்ட மாத்திரத்தில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும்.

துரு இங்கும் உண்டு, ஆனால் ஒளிந்திருக்கும் இடம் வேறு. பக்கவாட்டு பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பின்னால் ஈரம் தங்கி, படிகளும் ஜாக் இடங்களும் அரித்திருக்கும். பட்டையைக் கழற்றாமல் தெரியாது. டிக்கியில் பேட்டரித் தட்டு, சன்ரூஃபின் ஓரம், ஒட்டிய கண்ணாடிகளின் கீழ்விளிம்பு ஆகியவற்றையும் விடக்கூடாது.

துருவைவிட அதிகம் தேட வேண்டியது பந்தயத் தடம். இந்தக் கார்களில் பல வாரக்கடைசிகளில் ட்ராக்கில் ஓடியவை. முன் சஸ்பென்ஷன் டவரின் மேல்பகுதி விரிந்தோ வெடித்தோ இருக்கிறதா, முன் சப்ஃபிரேமில் எஞ்சின் மவுன்ட் உட்காரும் கையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பளத்துக்குக் கீழே ரோல் கேஜ் போல்ட் ஓட்டைகளை அடைத்த அடையாளம் இருந்தால், "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய கார்" என்ற பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

எஸ்14 சத்தமான எஞ்சின். ஐட்லில் கடகடவென்று ஓடுவது அதன் இயல்பு, தையல் மெஷின் மாதிரி சீராக ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்தில் சங்கிலி உரசும் ஓசை சில நொடிக்கு மேல் நீடித்தால் செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்றும் வேளை வந்துவிட்டது. 16 வால்வுகளின் இடைவெளியை ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கும். அளந்து, கணக்குப்போட்டு, வேறு தடிமன் தகடு வரவழைத்து மாட்டவேண்டும். போர்ஷேயில் ஸ்பானரும் ஃபீலர் கேஜும் போதும். இங்கே பழக்கப்பட்ட கை வேண்டும். நான்கு தனித்தனி த்ராட்டில்கள் ஒன்றோடொன்று ஒத்துத் திறக்காவிட்டால் ஐட்ல் தடுமாறும், குறைந்த வேகத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்மானம்தான் வழக்கமான காரணம். எஞ்சினைப் பிரிக்கும் சந்தர்ப்பம் வந்தால் கனெக்டிங் ராட் போல்ட்களையும் புதிதாக்கிவிடுங்கள். உயர்ந்த ஆர்பிஎம்மில் வாழும் எஞ்சினில் அங்கே மிச்சம் பிடிப்பது அபத்தம்.

சாதாரண இ30-இல் எரிபொருள் செலவு காட்டும் முள் இருந்த இடத்தில் எம்3-க்கு ஆயில் சூடு காட்டும் முள். அது மேலே வரும்வரை எஞ்சினை முறுக்கக் கூடாது. டெஸ்ட் டிரைவில் விற்பவரையே முதலில் ஓட்டச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினை அவர் எப்படி நடத்துகிறார் என்பதில் பாதி வரலாறு தெரிந்துவிடும். ஐரோப்பிய எம்3-இல் முதல் கியர் இடதுபக்கம் கீழே, அமெரிக்க மாடலில் வழக்கமான அமைப்பு. வலதுகை ஸ்டியரிங் எம்3 ஃபேக்டரியிலிருந்து வந்ததே இல்லை. அப்படி ஒன்றைக் காட்டினால் பின்னால் மாற்றியதுதான்.

<b>ஓட்டத்திலும் பேப்பரிலும்</b>

எடை இரண்டுக்கும் ஏறத்தாழ 1,200 கிலோ. ஆனால் சாலையில் ஒட்டுறவே இல்லை. 911-க்குக் கீழ்வேகத்திலேயே இழுவை உண்டு, சோம்பலாக ஓட்டினாலும் மகிழ்ச்சி தரும். ஈரத் திருப்பத்தில் நடுவே காலை எடுத்தால் பின்பக்கம் முந்திக்கொள்ளும் என்ற பழைய எச்சரிக்கை இன்றும் செல்லும். எம்3 4,500 ஆர்பிஎம்முக்குக் கீழே சாதாரண நான்கு சிலிண்டர் கார்தான். மேலே போனால் ஸ்டியரிங்கும் சேசிஸும் ஏன் பந்தயத்தில் அத்தனை பட்டம் குவித்தன என்பது விளங்கும். 1987 உலக டூரிங் கார் பட்டத்தை ராபர்ட்டோ ரவாலியா இதில்தான் வென்றார். அதே ஆண்டு கோர்சிகா ராலியை பெர்னார் பெகான் வென்றதும் இதில்தான்.

ஜெர்மனியில் முப்பது வயது தாண்டிய காருக்கு எச் எழுத்து எண்பலகை கிடைக்கும். ஆண்டு வரி 191.73 யூரோ என்று ஒரே தொகை. அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். மாற்றங்கள் அந்தக் காலத்துக்குரியவையாக இருக்க வேண்டும். கார் இறக்கி, பெரிய சக்கரம் மாட்டிய எம்3-களில் சில இங்கே மாட்டிக்கொள்கின்றன. போர்ஷேயில் சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: 1984-க்கு இ, 1985-க்கு எஃப், அப்படியே 1989-க்கு கே, நடுவில் ஐ கிடையாது. முன் டிக்கி மூடியில் உள்ள ஸ்டிக்கரில் ஆப்ஷன் எண்கள் இருக்கும். எம்491 என்றால் 911 டர்போவைப் போன்ற அகன்ற பாடி, எம்637 என்றால் 340 மட்டுமே செய்த, எடை குறைத்த கிளப்ஸ்போர்ட். ஸ்டிக்கரைப் புதிதாக அச்சடிப்பது ஒன்றும் கடினமல்ல. சர்வீஸ் புத்தகத்தில் உள்ள பிரதியோடும், நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் சான்றோடும் ஒத்துப்போக வேண்டும்.

எம்3-இல், பந்தயத்துக்காக மேம்படுத்திக் குறைந்த எண்ணிக்கையில் விட்ட எவல்யூஷன் வகைகளுக்குத் தனி விலை. 1988-இன் எவல்யூஷன் 2 சுமார் 500 கார், 220 குதிரைத்திறன். 1990-இன் ஸ்போர்ட் எவல்யூஷன் 600 கார், 2,467 சிசி, 238 குதிரைத்திறன்; சிவப்பும் கறுப்பும் தவிர வேறு நிறமில்லை. முன்னும் பின்னும் கோணம் மாற்றக்கூடிய ஸ்பாய்லர், பனிவிளக்கு இடத்தில் பிரேக்குக்குக் காற்றுக் குழாய், மெல்லிய கண்ணாடிகள். இந்த மெல்லிய கண்ணாடி உடைந்து சாதாரணக் கண்ணாடி ஏறியிருந்தால்கூட விலை குறையும். அந்த அளவுக்கு இங்கே நுணுக்கம் பார்க்கிறார்கள், பார்ப்பதில் நியாயமும் இருக்கிறது.

எங்கள் கணக்கு இதுதான். மாதத்தில் நான்கு நாளாவது ஓட்ட வேண்டும், கிலோமீட்டர் ஏறினாலும் கவலையில்லை என்பவர் 1987-க்குப் பிந்தைய, கன்வெர்ட்டர் இல்லாத ஜி50 கூப்பேயைத் தேடட்டும். மறு பெயின்ட் அடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பாடியின் எலும்பு துருவில்லாமல் சுத்தமாக இருந்து, எஞ்சினைத் திறந்து செய்த வேலைக்கு பில் இருந்தால் போதும். எம்3 வாங்குகிறவர் நேர்மாறாக யோசிக்க வேண்டும். எஞ்சினுக்கு வேலை இருந்தாலும் சரி, முதல் ஓனரிலிருந்து பேப்பர் தொடர்ச்சி உள்ள, கைபடாத காரை எடுக்க வேண்டும். புதுக்கருக்கோடு மினுங்குகிற, எதுவும் எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாத எம்3-க்கு அதே பணத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பேரம் முடியும் தறுவாயில் விற்பவரின் கராஜில் அட்டைப்பெட்டி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றி வைத்த அசல் ஸ்டியரிங், ஏர் பாக்ஸ், ஃபேக்டரி ஸ்பிரிங்குகள், டூல் கிட், ரேடியோ எல்லாம் அங்கேதான் தூங்கும். எம்3 என்றால் அந்தப் பெட்டியையும் விலைக்குள் சேர்த்து ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்; கார் போன மறுநாளே அவை தனித்தனியாக விற்பனைக்கு வந்துவிடும்.